கூடையோடு சிரிக்கும் பெண்

மேற்பிரிவு,
ஹுன்னஸ்கிரிய.
12.02.2025

‘அச்சுக்குப் பின்’ பகுதி எழுதும் சுதர்சினி அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் பாலம்மா. நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. ஆனால் போன வருடம் முழுக்க என்னைப் பற்றித்தான் எழுதினீர்கள். தலையில் கயிறு, முதுகில் கூடை, வாய் நிறையச் சிரிப்பு என்று ஒரு பெண்ணின் படம் வருமே, தேயிலைத் தோட்டத்தைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் பக்கத்திலேயே வருமே, அந்தப் பெண் நான்தான்.

சம்பளம் கூட்டினாலும் என் படம், கூட்டாவிட்டாலும் என் படம். வோட்டு வந்தால் என் படம், டெங்கு வந்தால் என் படம். வருடக்கணக்காக எல்லாப் பத்திரிகையும் போட்டது. நீங்கள் ஒரு ஆள் கிளம்பி, “யார் இந்தப் பெண்? பெயர் தெரியாத ஒரு முகத்தை இப்படிப் போட்டுப் போட்டுத் தேய்க்கலாமா?” என்று வாராவாரம் எழுதி எழுதி, இப்போது எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். இந்தத் தைப்பொங்கலுக்குக்கூட நான் வரவில்லை. பொங்கல் பக்கத்தில் வெறும் பானையைப் போட்டிருக்கிறார்கள்.

உங்களை யார் கேட்டது? என் முகம் தேய்கிறது என்று நான் உங்களிடம் வந்து அழுதேனா?

தயவுசெய்து பழையபடி போடச் சொல்லுங்கள். பெயர் ஒன்றும் வேண்டாம், படம் போதும். பத்திரிகையில் உங்கள் போன் நம்பரும் இருக்கிறது. ஆனால் லயத்தில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி இருக்கும், போன் பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். முதலில் கேட்பது என் மகள் தர்ஷனா. அதனால்தான் கடுதாசி.

இப்படிக்கு,
பாலம்மா

*

கட்டுகஸ்தோட்டை,
கண்டி.
19.02.2025

அன்புள்ள பாலம்மா அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தபால்காரர் வாசல் படலையைத் தாண்டுவதற்குள் படித்து முடித்துவிட்டேன். பிறகு உட்கார்ந்து மறுபடியும் படித்தேன். ஒரு வருடமாக நான் தேடிய ஆள், எனக்கு ஏசிக் கடிதம் எழுதியிருக்கிறார்! எனக்குக் கோபமே வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது.

முதலில் ஒரு மன்னிப்பு. நான் சந்தேகப் பிராணி. அரசியல் எழுதிப் பத்திரிகைகளையும் விமர்சிக்கிறவளுக்கு நண்பர்கள் குறைவு. தொழிற்சங்கத்துக்காரர்கள் என்னைத் தோட்டத் துரைமாரின் ஆள் என்பார்கள், துரைமார் என்னைச் சங்கத்தின் ஆள் என்பார்கள். சொந்தப் பத்திரிகையின் ஆசிரியர் மோகனராஜ்கூட, “நீங்க யார் பக்கம்னு ஒரு தடவ சொல்லிட்டுப் போங்களேன்” என்பார். பொய்ப் பெயரில் கடிதம் எழுதி என்னை மாட்டிவிடப் பார்த்தவர்களும் உண்டு. அதனால் ஒரு கேள்வி கேட்கிறேன். எல்லாப் பத்திரிகையிலும் அந்தப் படத்தில் உங்கள் இடது கை மணிக்கட்டோடு வெட்டுப்பட்டிருக்கும். அந்தக் கையில் என்ன இருந்தது?

இன்னும் இரண்டு கேள்விகள், இவை சந்தேகத்தில் அல்ல, ஆசையில். முதலாவது, ஏன் அப்படிச் சிரிக்கிறீர்கள்? “இது கமரா கேட்டு வாங்கிய சிரிப்பு” என்று நான் எழுதியிருந்தேன். சரியா? இரண்டாவது, அந்தப் படம் மறுபடியும் வர வேண்டும் என்று ஏன் கேட்கிறீர்கள்? இப்படிக் கேட்ட ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

நீங்கள் சரி என்றால் ஹுன்னஸ்கிரியவுக்கு வருகிறேன்.

அன்புடன்,
சுதர்சினி

*

ஹுன்னஸ்கிரிய.
27.02.2025

சுதர்சினிப் பிள்ளைக்கு,

வராதீர்கள். நீங்கள் வந்தால் தோட்டமே கூடிவிடும். பிறகு நீங்கள் போய்விடுவீர்கள், நான்தான் பதில் சொல்லிக்கொண்டு கிடக்க வேண்டும்.

என் கையில் ஒன்றும் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை நின்றது. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, அதனால் வெட்டிவிட்டார்களாக்கும். நான் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்தவள். தாய்மார் மலைக்குப் போனால் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம், தெரியும்தானே? டவுன்காரர்களுக்குத் தெரியாது என்றுதான் விளக்கமாக எழுதுகிறேன். என் ஆயுசில் ஒரு நாளும் நான் கொழுந்து பறித்ததில்லை.

அன்றைக்குப் படம் எடுக்க ஒரு வேன் வந்தது. மலையில் நின்ற பெண்கள், “கொழுந்து நிறுக்கிற நேரம் வந்திருச்சு, இப்ப போயி சிரிச்சுக்கிட்டு நிக்கச் சொல்றீங்களே” என்று ஏசிவிட்டுப் போய்விட்டார்கள். நான் பிள்ளைக்காம்பரா வாசலில் நின்றேன். “நீங்க நில்லுங்க” என்றார் படக்காரர். கூடை அவர் கொண்டுவந்தது. எங்கள் தோட்டத்தில் அப்போதே சாக்குப் பைதான். அதற்குப் பிறகு லயத்தில் எனக்குப் பெயரே ‘கூடக்காரி’. நேற்றுகூடத் தண்ணிக் குழாயில் சீதா கேட்கிறாள்: “என்னா கூடக்காரி, பேப்பர்ல ஆளக் காணோம், பென்சன் குடுத்துட்டாங்களா?”

சிரிப்புக்குக் காரணம் இருக்கிறது. யாரும் கேட்டு வாங்கவில்லை. ஆனால் சொல்ல மாட்டேன். ஏன் மறுபடி போட வேண்டும் என்பதும் என் விஷயம். நீங்கள் போடச் சொன்னால் போதும்.

பாலம்மா

*

கண்டி.
14.03.2025

அன்புள்ள பாலம்மா அக்காவுக்கு,

நீங்கள் சொல்லாவிட்டால் நான் விட்டுவிடுவேனா? அந்த வேன்காரரைத் தேடிப் போனேன்.

பெயர் ஹுதைபா. இப்போது கலகெதரயில் படத்துக்குச் சட்டம் போடும் சின்னக் கடை வைத்திருக்கிறார். நான் பத்திரிகையை நீட்டியதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “இது நான் எடுத்தது தான் மகள். கலண்டருக்கு எடுத்தது. பேப்பருக்கு எப்படிப் போன எண்டு இண்டைக்கு வரை எனக்குத் தெரியாது” என்றார். கூடை பிலிமத்தலாவையில் ஒரு கடையில் வாங்கியதாம். உங்கள் நாட்டுப்புறக் கூடை ஒரு அலங்காரச் சாமான்கடைக் கூடை! இருபது வருடம் இதைப் பார்த்துத்தான் கொழும்பில் உட்கார்ந்து தோட்டத்துப் பெண்களின் வாழ்க்கையைப் பற்றித் தலையங்கம் எழுதினார்கள். நானும் எழுதினேன்.

அவரிடம் வெட்டாத படம் இருக்கிறது. மூக்கொழுகும் பிள்ளையைப் பார்த்தேன். நீங்கள் நீங்கள்தான் என்று நம்பிவிட்டேன், சந்தோஷமா?

“ஏன் இவர் சிரிக்கிறார்?” என்று அவரிடமும் கேட்டேன். “எனக்குப் பின்னால ஒரு பொடியன் நிண்டான். அவன் என்னமோ செஞ்சான். நான் திரும்பிப் பார்த்தா சும்மா நிப்பான், இங்கால திரும்பினா இவங்க சிரிப்பாங்க” என்றார். யார் அக்கா அந்தப் பையன்?

இப்போது கசப்பான விஷயம். பெயரில்லாமல் அந்தப் படத்தைப் போடு என்று என்னால் சொல்ல முடியாது. கொழும்பில் பல வருடம் அரசியல் நிருபராக இருந்தேன். ஒரே வீடமைப்புத் திட்டத்துக்கு ஒரு அமைச்சர் திரும்பத் திரும்ப அடிக்கல் நாட்டினார் என்று எழுதினேன். மறு மாதம் என்னைச் சமையல் பக்கத்துக்கு மாற்றினார்கள். கத்தரிக்காய்ப் பிரட்டல் எழுதிப் பார்த்தேன், முடியவில்லை. விட்டுவிட்டுக் கண்டிக்கு வந்து, மற்றவர்கள் எழுதுவதைத் திருத்துகிற வேலையைத் தொடங்கினேன். எத்தனையோ விஷயங்களுக்குக் கத்தியிருக்கிறேன், ஒருவரும் அசையவில்லை. அசைந்தது ஒன்றே ஒன்றுதான். பெயர், திகதி, சம்மதம் மூன்றும் இல்லாமல் தோட்டத்து மக்களின் படம் போடுவதில்லை என்று ஆசிரியர்கள் ஏற்றுக்கொண்டது. அடுத்த மாதம் கொழும்பில் அதைப் பற்றிப் பேச வரச் சொல்லியிருக்கிறார்கள். என் வாழ்க்கையில் நான் ஜெயித்த ஒரே ஒரு வழக்கு உங்கள் படம்தான். அதையே நான் எப்படி உடைப்பேன்?

சுதர்சினி

*

ஹுன்னஸ்கிரிய.
22.03.2025

சுதர்சினிப் பிள்ளைக்கு,

நல்லா இருக்கிறது உங்கள் நியாயம். என் படம், உங்கள் வழக்கு! வழக்கில் நீங்கள் ஜெயித்தீர்கள், தோற்றது யார் என்று யாராவது விசாரித்தீர்களா?

சரி, கேட்டுக்கொள்ளுங்கள். இதைப் பத்திரிகையில் எழுதினீர்கள் என்றால் நான் அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன்.

அந்தப் பையன் என் மகன் ஜீவன். அன்றைக்கு அவனுக்கு எட்டு வயது. படக்காரரின் தொப்பி வேனில் கிடந்தது. அதை எடுத்துப் போட்டுக்கொண்டு, அவருக்குப் பின்னால் நின்று அவரைப் போலவே ஒற்றைக் கண்ணை மூடி, வாயைக் கோணிக்கொண்டு, கையால் படம் எடுத்தான். நான் கமராவைப் பார்த்துச் சிரிக்கவே இல்லை. அவனைப் பார்த்துத்தான் சிரித்தேன்.

அவன் இப்போது குருநாகலில் ஹார்ட்வெயார் கடையில் வேலை. அங்கே ஒரு சிங்களப் பிள்ளையைப் பதிவுத் திருமணம் முடித்துவிட்டு, முடித்த பிறகு வந்து சொன்னான். அந்தப் பிள்ளை யாராக இருந்தாலும் எனக்கு ஒன்றும் இல்லை. பெற்றவளுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே! வாசலில் நின்றே சொன்னேன், “இனிமே என் மொகத்தப் பாக்காத” என்று. அவனும் என் மகன்தானே, போய்விட்டான். போனும் இல்லை, ஒன்றும் இல்லை. மாதக்கணக்கில் அப்படியே கிடந்தோம்.

பிறகு ஒரு மழைக்காலம். எங்கேயோ மண்சரிந்து ஆட்கள் செத்துப்போனார்கள். ஒரு பத்திரிகைக்காரன் அந்தச் செய்திக்குப் பக்கத்தில் என் படத்தைப் போட்டுவிட்டான். பிலிமத்தலாவையிலிருந்து என் அண்ணன் அழகமுத்து வெள்ளை வேட்டியோடு வந்து இறங்குகிறார், நான் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டு இருக்கிறேன். மனுஷன் அப்படியே உட்கார்ந்து என்னை ஏசினார்! உங்களுக்கு இது தெரிந்திருந்தால் ஒரு பக்கம் எழுதியிருப்பீர்கள். ஆனால் அன்றைக்குத்தான் ஜீவனும் போன் எடுத்தான். “அம்மா, அம்மா” என்றான். நான் “உசுரோடதான் இருக்கேன்” என்றேன். பிறகு சொல்கிறான்: “பாக்காதன்னு நீங்க சொன்னீங்க. பேப்பர்காரன் காட்டுறான். நான் என்னா செய்யிறது?”

அதிலிருந்து படம் வரும் நாளெல்லாம் எடுப்பான். “இன்னைக்கு டெங்குக்கு வந்திருக்கீங்கம்மா, கொசு கடிச்சிருச்சா?” என்பான். “சம்பளம் கூட்டிட்டாங்களாம், என் பங்க அனுப்புங்க” என்பான். நான் “சரி வையி” என்பேன். அவ்வளவுதான் பேச்சு. படம் வராத நாளில் எடுக்க மாட்டான். எடுத்தால் அவன் தோற்ற மாதிரி. நான் எடுத்தால் நான் தோற்ற மாதிரி.

இப்போது எவ்வளவு காலமாக அவன் குரல் கேட்கவில்லை தெரியுமா? தர்ஷனாவிடம் கேட்கலாமே என்பீர்கள். அவள் அண்ணனோடு பேசுகிறாள்தான். என்னிடம் மூச்சு விட மாட்டாள். “உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் தபால்காரி இல்ல” என்கிறாள்.

இதுதான் என் விஷயம். இப்போது சொல்லுங்கள், படத்தைப் போடச் சொல்வீர்களா, மாட்டீர்களா?

பாலம்மா

*

கண்டி.
02.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பல நாள் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். அந்த மண்சரிவுப் படத்தை நான் பார்த்திருக்கிறேன். இத்தனை வருடத்தில் நம் பத்திரிகைகள் செய்த மிக மோசமான காரியம் என்று அதைத்தான் இளம் நிருபர்களுக்கு எடுக்கும் வகுப்புகளில் காட்டுவேன். இனி எப்படிக் காட்டுவேன் என்று தெரியவில்லை. அது மோசமான காரியம்தான். ஆனால் உங்களுக்கு அதனால்தான் மகன் குரல் கிடைத்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன், ஒன்றை ஒன்று அழிக்க மாட்டேன் என்கிறது.

உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் முதலில் எனக்குத் தோன்றியது, ‘என்ன அருமையான கட்டுரை!’ என்பதுதான். தலைப்புக்கூட வந்துவிட்டது. மோகனராஜிடம், படத்துப் பெண்ணைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று மட்டும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மனுஷன் துள்ளினார். “முழுக் கதையும் எழுதுங்க, முன்பக்கம் தாறேன்” என்றார். சமையல் பக்கத்துக்குப் பிறகு ஒருவரும் எனக்கு முன்பக்கம் தரவில்லை அக்கா. முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் பெயரில்லாமல் படம் போட முடியாது. அதில் மாற்றமில்லை. பெயரோடு போடலாமா? என் பகுதியில், திருத்தமாக. இதுவரை உங்களைக் கொழுந்து பறிப்பவர் என்று போட்டார்கள், அது பிழை. உங்கள் சிரிப்பைப் பற்றி நான் எழுதியதும் பிழை. பிழையைத் திருத்துவது என் வேலை. படத்துக்குக் கீழே போடக் கடைசி வரியாக இப்படி எழுதிப் பார்த்தேன்: ‘தன் மகனின் அழைப்புக்காகக் காத்திருக்கிறார்.’

இல்லாவிட்டால் நீங்களே அவருக்குப் போனில் ஒரு கோல் எடுக்கலாம். பத்திரிகைகள் தாங்கள் சொன்னதைத் திரும்பப் பெறுகின்றன. நீங்களும் பெறலாம்தானே?

சுதர்சினி

*

ஹுன்னஸ்கிரிய.
09.04.2025

சுதர்சினிப் பிள்ளைக்கு,

காத்திருக்கிறேனா? யார் சொன்னது? நான் சமைக்கிறேன், துவைக்கிறேன், ஆட்டுக்குப் புல் அறுக்கிறேன். நான் யாருக்கும் காத்திருக்கவில்லை. அந்த வரியை வெட்டுங்கள்.

கோல் எடுக்க மாட்டேன். சொன்னது நான், முதலில் எடுப்பதும் நானா? இதை மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.

முன்பக்கம் வேண்டாம் என்று சொன்னீர்களே, அதைப் படித்துவிட்டு அன்றைக்கு முழுக்க உங்களை நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பிடிவாதக்காரி. எனக்குப் பிடிவாதக்காரர்களைக் கண்டால் பிடிக்கும், பெற்றதையும் அப்படித்தானே பெற்றேன்.

பெயர் போடுங்கள். லயத்தில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இருபது வருடம் சிரித்தவர்கள்தான். கூடை என்னுடையது இல்லை என்பதைக் கட்டாயம் போடுங்கள், அந்தச் சீதாவுக்குத் தெரியட்டும். ‘முன்னாள்’ என்று மட்டும் போட வேண்டாம், செத்துப்போனவள் மாதிரி இருக்கிறது. இன்னொரு தடவை அண்ணன் வேட்டியோடு வந்து நிற்பார்.

நீங்கள் எழுதிய கடைசி வரிக்குப் பதிலாக நான் ஒரு வரி எழுதியிருக்கிறேன். தோட்டத்து ஆஸ்பத்திரி போர்டைப் பார்த்து எழுதினேன். தனித் தாளில் வைத்திருக்கிறேன். அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது.

பாலம்மா

*

கண்டி.
12.05.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். உள்ளூராட்சித் தேர்தல் முடியும்வரை மோகனராஜ் இடம் தரவில்லை. தந்த பிறகும் உங்கள் கடைசி வரியைப் பார்த்துவிட்டுச் சண்டை. “இது என்ன, மிருகக்காட்சிசாலையா? யாருக்கு எழுதுறீங்க? காரணத்தச் சொல்லுங்க, இல்ல வரிய எடுங்க” என்றார். காரணத்தைச் சொல்லவும் இல்லை, வரியை எடுக்கவும் இல்லை. எடுத்தால் இந்த வாரத்தோடு என் பகுதியையும் எடுத்துவிடுங்கள் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போட்டுவிட்டார். ஆனால் கடைசிப் பக்கத்துக்கு முந்திய பக்கத்தில், ராசிபலனுக்குக் கீழே.

கொழும்புக் கூட்டத்திலும் பேசினேன். வெட்டாத படத்தைக் காட்டினேன், ஒரு விஷயத்தைச் சொல்லவில்லை. “அப்போ அந்தச் சிரிப்பு?” என்று கேட்க வந்திருந்த ஒரு இதழியல் மாணவி கேட்டாள். தெரியும், ஆனால் சொல்ல அனுமதி இல்லை என்றேன். அந்தப் பதிலில் அவளுக்குத் திருப்தி இல்லை.

பத்திரிகையை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்களிடம் வந்து சேர முன்பே கடைகளுக்குப் போயிருக்கும். வெட்டாத முழுப் படம், மூக்கொழுகும் பிள்ளையோடு. கீழே உள்ளது இது:

‘திருத்தம்: ஹுன்னஸ்கிரியவைச் சேர்ந்த பாலம்மா. 2004இல் ஹுதைபா எடுத்த படம், இவருடைய சம்மதத்துடன் வெளியாகிறது. இவர் கொழுந்து பறிப்பவர் என்று இதுவரை பத்திரிகைகளில் வந்தது பிழை. பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர். கூடை இவருடையது அல்ல. சிரிப்பு இவருடையது, கமரா கேட்டு வாங்கியது என்று இப்பகுதியில் எழுதியதும் பிழை. நலமாக இருக்கிறார். நேரில் பார்க்கத் தடை ஏதும் இல்லை.’

போன் வந்ததா அக்கா? ஒரு வரி எழுதுங்கள். பத்திரிகையில் எத்தனையோ விஷயம் எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். இந்தக் கடைசி வரி என்னைத் தூங்க விடவில்லை.

சுதர்சினி

*

ஹுன்னஸ்கிரிய.
20.05.2025

சுதர்சினி மகளுக்கு,

போன் வரவில்லை. பத்திரிகை வந்த அன்று முழுக்க போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். மறுநாளும் வைத்திருந்தேன். வரவே இல்லை. உங்கள் மேல் மறுபடியும் கோபம் வந்தது. பெயர் போட்டதால்தான் அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது என்று நினைத்தேன். உங்களுக்கு ஏசி ஒரு கடுதாசிகூட எழுதி வைத்திருந்தேன். அதைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பகல், கருவாட்டுக் குழம்பு கொதிக்கிறது. வாசலில் ஒரு நிழல். பார்த்தால் ஜீவன் நிற்கிறான். கக்கத்தில் பத்திரிகை. அவனுக்குப் பின்னால் அந்தப் பிள்ளை, கையில் கேக் பெட்டியோடு. மெலிந்த பிள்ளை, என்னைப் பார்த்ததும் அவன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கியது. தர்ஷனா அடுப்படியில் நின்று ஒன்றும் தெரியாதவள் மாதிரி வெங்காயம் உரிக்கிறாள்.

அவன் உள்ளே காலை வைக்காமல் படியிலேயே நின்று பத்திரிகையைப் பிரித்தான். உங்கள் பக்கத்தை விரித்து, கடைசி வரியில் விரலை வைத்துக் காட்டினான்.

“தடை இல்லன்னு போட்டிருக்காங்கம்மா.”

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அப்போதுதான் அவன் ஒற்றைக் கண்ணை மூடி வாயைக் கோணினான். எட்டு வயதில் செய்தது போலவே செய்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை.

“ஏன்டா, பேப்பர்ல போடுறதையெல்லாம் நம்புவியா?” என்றேன்.

பிறகு அந்தப் பிள்ளையின் கையில் இருந்த கேக்கை வாங்கிக்கொண்டு, இரண்டு பேரையும் உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

பாலம்மா